டம்ளரின் அடியில் தங்கியது

தையல் ஆலையின் கடைசி மேசை செக்கரம்மாவுடையது. வெட்டி, தைத்து, காஜா எடுத்து, பட்டன் வைத்து வரும் சட்டைகளெல்லாம் கடைசியில் அந்த மேசைக்கு வந்து மல்லாக்கப் படுக்கும். குழல்விளக்கின் கீழே அவர் காலரை நிமிர்த்துவார், கையைப் புரட்டுவார், தையலை இரண்டு கட்டைவிரலாலும் இழுத்துப் பார்ப்பார். கோணல் இருந்தால் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். பேச்சே இருக்காது.

மற்ற செக்கர்கள் தப்பான சட்டையைத் தைத்தவள் மடியில் விசிறி எறிவார்கள். செக்கரம்மா எறிய மாட்டார். சட்டையை எடுத்துக்கொண்டு எழுந்து, அது வந்த வழியே பின்னோக்கி நடப்பார். பட்டன் மேசை, காஜா மேசை, தையல் வரிசை, வெட்டும் அறை. "தப்பு தெரியுற இடம் வேற, நடந்த இடம் வேற" என்பார்.

ஒருமுறை பாக்கெட்டுகள் சாய்ந்து சாய்ந்து வந்தன. பாக்கெட் வைக்கும் பெண்ணை சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கிழித்துத் தொங்கவிட்டார். அந்தப் பெண் அழுதுகொண்டே பிரித்துப் பிரித்துத் தைத்தாள், மறுபடியும் சாய்ந்தது. செக்கரம்மா எழுந்து போய், பாக்கெட்டுக்குப் புள்ளி குத்தும் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அட்டையின் ஒரு மூலை தேய்ந்து மழுங்கியிருந்தது.

"சார், அவ கண்ணு நல்லாத்தான் இருக்கு. உங்க அட்டைக்குத்தான் கண்ணாடி மாட்டணும்."

வரிசை முழுக்கச் சிரித்தது. சூப்பர்வைசர் அட்டையை மாற்றினார். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொன்னாரா என்றால் சொல்லவில்லை. திட்டுவதற்கு உயரம் தேவையில்லை, மன்னிப்புக் கேட்க மட்டும் கொஞ்சம் குனிய வேண்டியிருக்கிறது. அதனால்தான் பலபேருக்கு முதுகு வலிக்கிறது.

இப்படிப்பட்ட செக்கரம்மா, தன் புருஷன் விஷயத்தில் மட்டும் எழுந்து பின்னோக்கி நடக்க மறந்துபோனார்.

புருஷன் பெயிண்டர். ஆலையின் சாப்பாட்டுக் கூடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்தவர், அங்கே ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பிடும் பெண்ணைப் பார்த்துவிட்டு, அந்த ஒரு சுவருக்கு மட்டும் மூன்று கோட்டிங் அடித்தார். "சுவரு நல்லா வரணும்ல" என்று மேனேஜரிடம் சொன்னாராம். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட நாளில் இரண்டு வீட்டிலிருந்தும் யாரும் வரவில்லை. செக்கரம்மாவின் தம்பி மட்டும் சுவரோரமாக வந்து நின்றான். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி ஊரார் பேசினார்கள், இவர்கள் பேசவில்லை.

பெயிண்டரின் கை சுண்ணாம்பில் பழகிய கை. சுண்ணாம்பைப் பீப்பாயில் தண்ணீர் விட்டு நீற்றி, கொதித்து அடங்கவிட்டு, தெளியவைத்து, மேலே நிற்கும் பாலை மட்டும் துணியில் வடித்து எடுப்பார். கல்லும் மண்ணுமாக அடியில் தங்கும் வண்டலைத் தூரக் கொண்டுபோய்க் கொட்டிவிடுவார். வண்டல் ஒரு துளி பிரஷ்ஷில் ஏறினாலும் சுவரில் கீறல் விழும். புதிதாக வேலைக்கு வருகிறவன் பீப்பாயின் அடியைத் தொட்டுவிட்டால், கத்த மாட்டார், பிரஷ்ஷை வாங்கிக் கீழே வைத்துவிட்டு "போய் டீ குடிச்சிட்டு வா" என்பார். அதைவிடப் பெரிய தண்டனை அவரிடம் கிடையாது. டப்பா பெயிண்ட் வந்த பிறகு அதற்கும் ஒரு ஒழுங்கு வைத்தார். மூடியைத் திறந்ததும் குச்சியை அடிவரைக்கும் விட்டுக் கலக்காமல் யாரும் பிரஷ்ஷை நனைக்கக் கூடாது.

ரத்த அழுத்தம் அவருக்கு எத்தனையோ வருஷமாக இருந்திருக்கிறது. சாரத்தில் ஏறி இறங்குகிறவனுக்குத் தலை சுற்றினால் வெயில் என்று நினைப்பான், டாக்டரிடமா போவான்? தெரியவந்தபோது கிட்னி பாதிக்கு மேல் போயிருந்தது. மாத்திரை கொடுத்தார்கள். ஒழுங்காகச் சாப்பிட்டார். வேலைக்கும் போனார்.

அன்றைக்கு ஒரு வீட்டின் இரண்டாம் மாடி சாரத்தில் நின்றவருக்குக் கால் தூக்க வரவில்லை. வலியே இல்லை. மூளை "எடு" என்கிறது, கால் கேட்கவில்லை. கூட வேலை பார்க்கும் நெட்டை என்பவன் அவரைத் தோளில் போட்டு இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். செக்கரம்மா ஆலை ஏப்ரனோடு, கழுத்தில் தொங்கும் கத்தரிக்கோலோடு ஓடிவந்தார். இதயத்தின் கோடு ஒரு தாளில் ஓடிக்கொண்டிருந்தது. கோடுகள் கூடாரம் கூடாரமாக எழும்பியிருந்தன. நர்ஸ் ஒரு ஊசியைப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"இது என்ன ஊசிம்மா?"

"இன்சுலின்."

"ஐயோ, அவருக்குச் சர்க்கரையே கிடையாது! ஆளு மாத்திப் போடாதீங்க!"

நர்ஸ் சிரிக்கவும் இல்லை, சீறவும் இல்லை. கை வேலையை நிறுத்தாமலே சொன்னாள். "தெரியும்க்கா. குளுக்கோஸும் சேத்துத்தான் போடுறேன். ரத்தத்துல பொட்டாசியம் ஏறிக் கிடக்கு. கிட்னி அதை வெளிய தள்ள மாட்டேங்குது. இது ரெண்டும் சேந்து அதை ரத்தத்துலேர்ந்து செல்லுக்குள்ள தள்ளிவிடும்."

"அப்ப சரியாயிடுமா?"

"திடீர்னு விருந்தாளி வந்தா, கூடத்துல கிடக்கிறதையெல்லாம் அள்ளி உள்ரூம்ல போட்டுக் கதவைச் சாத்துவோமில்ல? அந்த மாதிரிதான். வீடு சுத்தமாயிடல. கொஞ்ச நேரத்துல எல்லாம் வெளிய வந்துரும். அதுக்குள்ள நிஜமாவே வெளியேத்தணும்."

"முதல்ல போட்டது?"

"அது கால்சியம். பொட்டாசியத்தைத் தொடாது. இதயம் தடுமாறாம பிடிச்சு வைக்கும். அவ்வளவுதான்."

அந்த நர்ஸைச் செக்கரம்மாவுக்குப் பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு ஊசிக்கும் என்ன வேலை, என்ன வேலை இல்லை என்று சொன்னவள் அவள் ஒருத்திதான்.

நிஜமாக வெளியேற்றும் வேலை பொடிக்கு. வீட்டுக்கு அனுப்பும்போது கிட்னி டாக்டர் விளக்கினார். இளவயது. எதிரே நாற்காலியில் இருப்பவரிடம் பேசும்போதே கதவுக்கு வெளியே நிற்கிறவர்களைக் கண் எண்ணிக்கொண்டிருக்கும். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அந்த வரிசை அப்படி.

"நீங்க சாப்பிடுற பிரஷர் மாத்திரைதான் மிச்சமிருக்கிற கிட்னியைக் காப்பாத்துது. ஆனா அதே மாத்திரை பொட்டாசியத்தை ஏத்தவும் செய்யும். அதனால பாதியாக் குறைச்சுத் தர்றேன். கூடவே தினமும் இந்தப் பொடி. பொட்டாசியம் இறங்கினா மாத்திரையைத் தொடரலாம். இறங்கலைன்னா மாத்திரையை நிறுத்தியாகணும். நிறுத்தினா டயாலிசிஸ் நம்ம நினைக்கிறதைவிட சீக்கிரம் வந்துரும். புரியுதா?"

புரிந்தது. டயாலிசிஸ் என்றால் வாரத்தில் பாதி நாள் மெஷினுக்குப் பக்கத்தில் படுக்கை. மிச்சப் பாதி நாள் அந்தக் களைப்பு. மெஷினால் பிழைத்து நடமாடுகிறவர்கள் ஆயிரம்பேர் இருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் அவர்களில் சாரம் ஏறுகிறவன் யார்?

மருந்து கொடுக்கும் ஜன்னல் இடுப்பு உயரத்தில் இருந்தது. நோயாளி குனிந்துதான் வாங்க வேண்டும், குனிந்துதான் கேட்க வேண்டும். உள்ளே இருந்த மருந்தாளுநர் பாக்கெட்டுகளைத் தள்ளினார். "பொடி. தண்ணில கலக்கிக் குடிங்க. மத்த மாத்திரையோட சேக்காதீங்க, மூணு மணி நேரம் தள்ளி. அடுத்து!" பாக்கெட்டோடு ஒரு தாள் இருந்தது. வெங்காயத் தோல் மாதிரி மெல்லியது, எட்டாக மடித்தது, இவர்களுக்குத் தெரியாத மொழியில் எறும்பு எழுத்து. ஒரு மனிதனின் உயிர் தொங்கும் விஷயத்தை அவனுக்குப் புரியாத மொழியில் அச்சடித்து, "நாங்கள் சொல்லிவிட்டோம்" என்று கைகழுவும் நாகரிகத்தை எந்த அகராதியில் தேடுவது என்று தெரியவில்லை.

காலையில் மாத்திரைகள். அதனால் பொடியைச் சாயங்காலத்துக்கு வைத்தார்கள். பெயிண்டர் வேலை விட்டு முன்னதாக வந்துவிடுவார், செக்கரம்மா ஆலை பஸ்ஸில் இருட்டுகிற வேளைக்குத்தான் வருவார். அவர் வருவதற்குள் பெயிண்டர் பொடியைக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்திருப்பார். சொல்லாமலே பாத்திரம் கழுவுகிற புருஷன் என்று செக்கரம்மாவுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

முதல் பரிசோதனைக்குப் போனபோது அதே நர்ஸ் கேட்டாள். "பொடி எப்படி இருக்குங்க? எல்லாரும் மணல் தின்ற மாதிரி இருக்குன்னு ஓடுறாங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியலம்மா. தண்ணி மாதிரி இருக்கு."

"உங்களை மாதிரி பேஷன்ட் நாலு பேரு இருந்தா போதும்" என்றாள் நர்ஸ்.

ரத்த முடிவு வந்தது. பொட்டாசியம் இறங்கவில்லை.

டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "பொடி குடிக்கிறீங்களா?"

"தினமும் தவறாம குடிக்கிறேன் டாக்டர்."

"பழம், இளநீர், ஜூஸ்?"

"தொடுறதில்ல."

"காயை வேகவெச்சு அந்தத் தண்ணியைக் கொட்டுறீங்களா?"

"கொட்டிட்டுத்தான் தாளிக்கிறேன்" என்றார் செக்கரம்மா. "உப்புக்கூட மாத்திட்டேன். இதயத்துக்கு நல்லதுன்னு தம்பி வாங்கித் தந்த பாக்கெட்ல பொட்டாசியம் இருக்குதுன்னு நீங்க சொன்ன அன்னைக்கே தூக்கிப் போட்டுட்டேன்."

டாக்டர் பெயிண்டரையே பார்த்தார். "எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. ரத்தம் பொய் சொல்லாது."

ரத்தம் பொய் சொல்லாது. அப்படியானால் பொய் சொல்வது யார் என்பதை அந்த வாக்கியம் சொல்லாமலே சொல்லிவிட்டது. பஸ்ஸில் செக்கரம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். பெயிண்டர் டிக்கெட்டை மடித்து, விரித்து, மடித்துக்கொண்டே வந்தார்.

"நான் திங்கலம்மா."

"நான் ஒண்ணும் கேக்கலையே."

கேட்காததுதான் அவருக்குச் சுட்டது.

மறுநாளிலிருந்து வீட்டிலும் ஒரு கடைசி மேசை வந்துவிட்டது. வேலையிலிருந்து கொண்டுவந்த டிபன் பாக்ஸைச் செக்கரம்மா திறந்து பார்த்தார், மோந்தும் பார்த்தார். சட்டைப் பையைத் தடவினார். முதல் நாள் பெயிண்டர் சிரித்தார். "என்னம்மா, காலர் சரியா இருக்கா?" இரண்டாம் நாள் சிரிக்கவில்லை. அப்புறம் செக்கரம்மா ஆலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, பெயிண்டர் தானாகவே டிபன் பாக்ஸின் மூடியைத் திறந்து இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நிற்கத் தொடங்கினார். சோதனைச் சாவடியில் நிற்கிற மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். மொபைல் கடை வைத்திருக்கிறான். எதற்கும் அவனிடம் ஒரு ஆள் இருப்பான்.

"அக்கா, மாமாவுக்கு நேரம் சரியில்ல. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் கட்டம் பாத்துச் சொன்னாரு, ஒரு கிரகம் பின்னால போகுதாம். அதான் மருந்து பிடிக்க மாட்டேங்குது."

"கிரகத்துக்கா ரத்தம் எடுத்தாங்க?"

"கிண்டல் பண்ணாதக்கா."

"டேய், அது பாட்டுக்கு எங்கேயோ கோடி மைல் தூரத்துல சுத்திட்டு இருக்கு. உங்க மாமா என்ன குடிக்கிறாரு, என்ன திங்கிறாருன்னு எட்டிப் பாக்கிறதுதான் அதுக்கு வேலையா? பாவம், அதையாவது நிம்மதியா சுத்த விடு."

"சரி விடு. ஒரு மூலிகைச் சாறு இருக்கு, எல்லாக் கழிவையும்..."

"என்ன மூலிகை?"

"அது ரகசியமாம்."

"அதுல எவ்வளவு பொட்டாசியம் இருக்குன்னு கேட்டியா? பேரு தெரியாத தழையைப் பிழிஞ்சு கிட்னி போனவருக்குக் கொடுக்கச் சொல்றான், அவன் உனக்குத் தெரிஞ்சவனா? ஒழுங்கா டீயைக் குடிச்சிட்டுக் கிளம்பு."

தம்பி டீயைக் குடித்தான். கிளம்பும்போது வாசலில் நின்று ரகசியமாகச் சொன்னான். "எதுக்கும் மாமா வேலைக்கு எடுத்துட்டுப் போற பையைப் பாருக்கா. நாக்கைக் கட்டுறது லேசு இல்ல."

கிரகத்தை விரட்டிய செக்கரம்மா இதை மட்டும் விரட்டவில்லை. பையைத் திறந்தார். பெயிண்ட் உருளை, சிராய்ப்புத் தாள், பழைய பனியன் துணி. அதன் அடியில் கறுத்துப்போன ஒரு வாழைப்பழத் தோல்.

அதைக் கூடத்து மேசையில் ஒரு தட்டில் வைத்தார். தப்பான சட்டையை வைப்பதுபோலத்தான் வைத்தார்.

"இது என்னங்க?"

பெயிண்டர் பார்த்தார். "நெட்டை தின்னிருப்பான். சாரத்து மேலேர்ந்து கீழ போடாதடான்னு நான்தான் சொல்வேன். கையில கிடைச்ச பையில திணிச்சிருப்பான்."

"ஆமாமா. தின்னது நெட்டை, பொட்டாசியம் ஏறுறது உங்களுக்கு."

"நான் திங்கல."

"ஆலைக்கும் போயிட்டு வந்து, தண்ணியைக் கொட்டிக் கொட்டிச் சக்கையாக் காய் சமைக்கிறது நான். ஒரு பழத்துக்காகவா இதையெல்லாம்... கேட்டிருந்தா நானே..." செக்கரம்மா தட்டை அவர் பக்கம் தள்ளினார்.

நெட்டையைத் தெருவில் பிடித்துக் கேட்டபோது அவன் பூசணிக்காய் அளவு முகத்தை வைத்துக்கொண்டு, "ஆமாக்கா, நான்தான். தினமும் மூணு பழம்" என்றான். அவன் அவ்வளவு வேகமாக ஒப்புக்கொண்டதே செக்கரம்மாவுக்குச் சந்தேகமாகப் போயிற்று. உண்மை சொன்னவனுக்கு அன்றைக்கு ராசி இல்லை.

அடுத்த ரத்த முடிவும் இறங்கவில்லை, இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. டாக்டர் இப்போது கோபப்படவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. "அடுத்த வாரம் வாங்க. அப்பவும் இப்படியே இருந்தா மாத்திரையை நிறுத்திடறேன். கையில டயாலிசிஸுக்கு ரத்தக்குழாயைத் தயார் பண்ண ஒரு சின்ன ஆபரேஷன் எழுதிடுவோம்" என்றார். பெயிண்டர் தன் வலது கையைப் பார்த்தார். பிறகு இடதைப் பார்த்தார். "எந்தக் கையில டாக்டர்?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வாரம் ஆலைக்கு விடுமுறை நாள் ஒன்று வந்தது. செக்கரம்மா பின்புறக் குழாயடியில் துணி துவைத்தார். அழுக்குத் தண்ணீர் வடியாமல் கணுக்கால் வரை நின்றது. கம்பி வலையைத் தூக்கிவிட்டு, ஒரு கம்பியை விட்டுக் குடைந்தார். பழுப்பாக ஒரு சேறு வந்தது. இன்னும் குடைந்தார். இன்னும் வந்தது.

"ஏங்க! பிரஷ்ஷை இங்க கழுவாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

பெயிண்டர் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். "நான் வேலை பாக்கிற இடத்துலயே கழுவிட்டுத்தான் வர்றேன்."

செக்கரம்மா அந்தச் சேற்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். பெயிண்ட் என்றால் வழுக்கும். செங்கல் தூள் என்றால் சிவக்கும். இது இரண்டும் இல்லை. மாவு மாதிரி நறநறவென்று, மணமே இல்லாமல். விரலைப் பார்த்தபடி எழுந்தார். சமையலறை அலமாரியில் பொடிப் பாக்கெட் ஒன்றைக் கிழித்து உள்ளங்கையில் கொட்டினார். அதே பழுப்பு.

"மருந்தைக் கொட்டுறீங்களா?" குரல் உயரவில்லை. அடிவயிற்றிலிருந்து வந்தது. "இத்தனை நாளா, குடிக்கிறேன் குடிக்கிறேன்னு சொல்லிட்டு, கொட்டுறீங்களா?"

"யாரு கொட்டுறா? தினமும் குடிக்கிறேன்! வண்டலைத்தான் கொட்டுறேன்."

கையில் பொடியோடு செக்கரம்மா நின்றார்.

"வண்டலா?"

"ஆமா. வேற எதைக் கொட்டுவாங்க?"

திட்ட வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். ஆலையில் எத்தனையோ சட்டைகளுக்காக எழுந்து நடந்த கால்கள் அன்றைக்குத்தான் வீட்டில் முதல் அடி வைத்தன. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இன்னைக்குப் பொடியை இன்னும் குடிக்கலதானே? எப்பவும் எப்படிக் குடிப்பீங்களோ அதே மாதிரி செய்ங்க. நான் பேச மாட்டேன்."

பெயிண்டர் செய்தார். டம்ளரில் தண்ணீர் எடுத்தார். பாக்கெட்டைக் கிழித்துப் பொடியைத் தூவினார். கரண்டிக் காம்பால் கலக்கினார், ஒரே சீராக, கட்டி இல்லாமல், பார்க்க அழகாக. பிறகு டம்ளரை ஜன்னல் மேடையில் வைத்துத் தட்டால் மூடினார்.

"இப்ப?"

"இப்ப தெளியணும். நான் போய்க் குளிச்சிட்டு வருவேன்."

குளித்துவிட்டு வந்தார். தட்டை எடுத்தார். மேலே கண்ணாடி மாதிரித் தண்ணீர், அடியில் விரல் கடை அளவுக்குப் பழுப்பு. டம்ளரை ஆடாமல் அசையாமல் சாய்த்து, மேல்தண்ணீரை இன்னொரு டம்ளருக்கு இறுத்தார். ஒரு துகள் போகவில்லை. முப்பது வருஷத் தொழில்.

"இவ்வளவுதான்" என்று குடிக்கப் போனவரிடமிருந்து அதை வாங்கிச் செக்கரம்மா ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

"பச்சைத் தண்ணி."

"மருந்தோட சாரம் அதுல இறங்கியிருக்கும்ல. சுண்ணாம்புத் தெளிவு மாதிரி. சக்கைதான் அடியில..."

"டப்பா பெயிண்ட்டைத் திறந்தா நீங்க முதல்ல என்னங்க செய்வீங்க?"

"அடிவரைக்கும் குச்சியை விட்டுக் கலக்குவேன்."

"எதுக்கு?"

"நிறமெல்லாம் அடியில போய் உக்காந்திருக்கும். கலக்காம அடிச்சா மேல நிக்கிற வெறும்..."

பெயிண்டர் டம்ளரைப் பார்த்தார். அடியில் உட்கார்ந்திருந்த பழுப்பைப் பார்த்தார். மெதுவாக நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"ஐயையோ" என்றார். "சுண்ணாம்புன்னு நினைச்சுட்டேன். இது பெயிண்ட்டும்மா."

செக்கரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. எது முந்தும் என்று தெரியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

ஆனாலும் ஊகத்தின் மேல் ஒரு தையல்கூடப் போடாதவர் அவர். மறுநாள் ஆலைக்குச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கையில் ஒரு கண்ணாடி பாட்டில், அதில் கலக்கித் தெளியவைத்த பொடி. "இன்னைக்கு உங்களுக்கு டோக்கன் இல்ல" என்றான் வாசலில் நின்றவன். "டாக்டர்கிட்ட ஒரு கேள்வி. அது தீராம இந்த இடத்தைவிட்டு நகர மாட்டேன். வேணும்னா என்னையும் உள்ள வெச்சுப் பூட்டிக்க" என்றார் செக்கரம்மா. அவன் நகர்ந்தான்.

"டாக்டர், இதுல மருந்து எங்க இருக்கு? மேலயா, அடியிலயா?"

டாக்டர் பாட்டிலை வாங்கினார். "அடியில. இந்தப் பொடி தண்ணில கரையவே கரையாது. குடலுக்குள்ள போய், அங்க இருக்கிற பொட்டாசியத்தைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு மலத்தோட வெளிய போயிடும். தண்ணி சும்மா அதை உள்ள தள்ளத்தான். ஏன் கேக்குறீங்க?"

செக்கரம்மா சொன்னார். பீப்பாய், சுண்ணாம்புப் பால், வண்டல், குழாயடி, எல்லாவற்றையும். டாக்டரின் கண் முதல்முறையாக வெளி வரிசையைப் பார்க்கவில்லை.

"அப்போ இத்தனை நாளும் ஒரு பாக்கெட்கூட உள்ள போகல."

"போகல."

டாக்டர் பாட்டிலைக் குலுக்கினார். பழுப்பு எழும்பி முழுக்கக் கலங்கியது. "பொடி குடிக்கிறீங்களான்னுதான் கேட்டேன்" என்றார். "எப்படிக் குடிக்கிறீங்கன்னு கேக்கல. அவர்கிட்ட நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அடுத்த தடவை அவர்கிட்டயே சொல்றேன்."

சொன்னார். அதைக் குறித்துவைக்க வேண்டும், ஏனென்றால் அப்படிச் சொல்கிறவர்கள் குறைவு. ஆனால் இது அந்த ஒரு டாக்டரின் தப்பு என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு எழுந்துபோக முடியாது. ஒரு ஆளுக்கு இரண்டு நிமிஷம் என்று வரிசையை வைத்தது யார்? இடுப்பு உயர ஜன்னலை வைத்தது யார்? எட்டாக மடித்த அந்தத் தாளை அச்சடித்தது யார்? அட்டை தேய்ந்திருக்கும்போது பாக்கெட் வைத்தவளைத் திட்டும் பழக்கம் தையல் ஆலையோடு முடிந்துவிடவில்லை. நோயாளி சொன்னபடி கேட்கவில்லை என்று சொல்வது எல்லோருக்கும் எளிது. அவனுக்கு என்ன சொன்னோம் என்று திரும்பிப் பார்ப்பதற்குத்தான் எழுந்து நடக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் பெயிண்டர் பொடியைக் கலக்கினார், தெளியவிடாமல் அப்படியே வாயில் கவிழ்த்தார். முகம் கசங்கியது. பல்லில் நறநறத்தது. கொஞ்சம் தண்ணீர் விட்டு டம்ளரை அலசி அதையும் குடித்தார்.

"மணலு" என்றார். "சுவத்தை நக்கின மாதிரி இருக்கு."

"சுவத்தை நக்கியிருக்கீங்களா?"

"உன் சாப்பாட்டுக் கூடத்துச் சுவத்துக்கு மூணு கோட்டிங் அடிச்சவன். எனக்குத் தெரியாதா?"

அந்த மாதிரிப் பேச்சு வீட்டில் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

டாக்டர் இன்னும் கொஞ்சம் அவகாசம் கொடுத்தார், இடையிடையே ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே. வயிறு இறுகியது, அதற்கும் ஒரு மருந்து தந்தார். பிறகு முடிவு வந்த நாளில் டாக்டர் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, "இறங்கியிருக்கு" என்றார். "மாத்திரையைத் தொடரலாம். கை ஆபரேஷன் இப்போதைக்கு வேணாம்." இப்போதைக்கு என்ற சொல்லை மூன்று பேரும் கவனித்தார்கள். கிட்னி திரும்ப வளரப்போவதில்லை. ஒரு நாள் மெஷின் வரும். ஆனால் அது அதன் நேரத்தில் வரட்டும், ஒரு டம்ளர் வண்டலுக்காக முன்கூட்டி வர வேண்டியதில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் செக்கரம்மா நெட்டையின் தெருமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கி அவன் வீட்டுக்குப் போனார். ஒரு சீப்பு வாழைப்பழத்தை அவன் கையில் திணித்தார். அவன் மிரண்டுபோனான். "என்னக்கா, மறுபடி சோதனையா?"

"இல்லடா. தின்னு. தோலை மட்டும் உன் பையில போடு."

பெயிண்டரிடம் சொல்லத்தான் வார்த்தை வரவில்லை. சூப்பர்வைசருக்கு முதுகு வலித்ததைப் பார்த்துச் சிரித்தவருக்கு இப்போது தன் முதுகும் வளையக் கஷ்டப்படுவது தெரிந்தது.

மறுநாள் செக்கரம்மா ஆலையிலிருந்து வந்தார். செருப்பைக் கழற்றினார். பெயிண்டர் பழக்கத்தில் எழுந்துவந்து, டிபன் பாக்ஸின் மூடியைத் திறந்து இரண்டு கையாலும் நீட்டினார். அவருக்கே அது தெரியவில்லை. கை தானாக நீண்டிருந்தது.

செக்கரம்மா அந்தக் கைகளைப் பார்த்தார். நகக்கண்ணில் வெள்ளைப் பெயிண்ட். டிபன் பாக்ஸுக்குள் பார்க்கவில்லை. மூடியை எடுத்து, அதன் மேல் வைத்து, அழுத்தி மூடினார்.

"நான் உங்களை நம்பலைங்க" என்றார். "தப்பு என் பேர்லதான்."

பெயிண்டர் மூடிய பாக்ஸை மேசையில் வைத்தார்.

"சரி விடும்மா" என்றார். "பொடி கலக்கணும். டம்ளர் எங்க?"